சீக்கே வராத கம்பெனி

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மலேயாவில் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட குணம் அது. அங்கே விடிந்தால் போதும், காய்ச்சல், வயிற்றுவலி என்று வாசலில் வரிசை நிற்கும். பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. படுத்தால் ஆஸ்பத்திரிச் சோறு உண்டு, வேலையும் போகாது. பிறகு ஏன் படுக்கமாட்டார்கள்?

ஐம்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பி, நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் முதலுதவி அறையில் சேர்ந்தேன். "நம்ம கம்பெனியில யாருக்கும் சீக்கே வராது சிஸ்டர்" என்று மேனேஜர் முதல் நாளே பெருமையடித்தார். பொழுதுக்கும் வெடிமருந்துத் தூசியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சீக்கு வராதாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்? மலேயாவில் இருப்பவர்கள் நோஞ்சான்கள், இங்கே இருப்பவர்கள் இரும்பா?

அன்றிலிருந்து ஒவ்வொருத்தியையும் கவனித்தேன். திரி வைக்கும் இடத்தில் ஒருத்தி மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தாள். ஆவணியில் சீசன் சூடு பிடித்தது, இருமல் சத்தம் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் அவள் இடத்தில் வேறொருத்தி. ஆனால் போர்மேன் கூப்பிட்டது பழையவளின் பெயரை. இவளும் தயங்காமல் திரும்பினாள்.

தனியே அழைத்துக் கேட்டேன்.

"அக்காவுக்கு மேலுக்கு முடியல சிஸ்டர். ரெண்டு நாள் வரலேன்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாக. அதான் அவ பேர்ல நான் வாரேன்."

சாயங்காலமே அவர்கள் வீடு இருந்த திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். அக்கா சுருண்டு கிடந்தாள். துப்பிய துணியில் ரத்தம். நான் சீட்டு எழுதி மேனேஜர் ஒப்புக்கொண்டால் பாதிக் கூலியோடு லீவு உண்டு. அந்தப் பணத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஆள் மாறியதைச் சொல்லாமல் மேனேஜரிடம் சீட்டை நீட்டினேன்.

"அந்தப் பொம்பள ஒரு நாள்கூட வராம இருந்ததில்லையே" என்றவர், ஆளனுப்பிக் கூப்பிட்டார். வந்து நின்றது தங்கை. அவருக்கு விஷயம் தெரியாது என்று இன்றுவரை நான் நம்பவில்லை.

"ஒனக்கு நெஞ்சுல சீக்குன்னு சிஸ்டர் சொல்றாக. நெசமா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "இல்ல சார். எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் தெருவில் நிற்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன்.

"ஏண்டி பாவி, அங்கன ஒன் அக்கா சாகக் கெடக்காளே" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் அழவில்லை. "லீவு குடுத்தா அக்கா பேருக்குத்தான குடுப்பாக? அந்தப் பேரு வீட்ல படுத்துக்கிட்டா, நான் எந்தப் பேர்ல வேலைக்கு வருவேன்? பாதிக் கூலி அவ பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குக் காணுமா, மருந்துக்குக் காணுமா? நீங்களே சொல்லுங்க சிஸ்டர்."

பிடித்திருந்த கையை விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா இறந்தாள். கடைசி லோடு ஏறவேண்டிய நேரம். மறுநாள் தங்கை வேலைக்கு வந்திருந்தாள், அக்காவாகவே.