பண்டார் ஹிலிரில் பார்த்த சாமிப் படமும் பாதியில் எழுந்துபோன அண்ணனும்

மெர்டேக்கா வந்தபின், சுதந்திர நாட்டில் இதுதான் முதல் தீபாவளி. அதனால் எங்களைப் படத்துக்கு அழைத்துப்போனார் அப்பா. இனிமேல் அந்தப் படத்துக்குப் போகிறவர்களுக்காக, விளக்கைத் தணித்துவைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருக்கும் காஜா பேராங்கிலிருந்து கொட்டகை இருக்கும் பண்டார் ஹிலிர் இரண்டு மைல். மூன்று மணிக் காட்சிக்கு இரண்டு மணி பஸ் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். பண்டிகைக் கூட்டத்தில் அது எங்கள் நிறுத்தத்தில் நிற்கவேயில்லை. வெயிலில் நடந்தோம். டிக்கெட் ஐம்பது காசு. அதற்கு முன்வரிசைதான் கிடைக்கும், கழுத்து வலி இலவசம்.

மணி அண்ணனுக்குப் பதினெட்டு வயது. நளினமாக நடப்பான், பேசினால் கையும் பேசும். திருவிழாவுக்குக் கோயில் வாசலில் அவன்தான் கோலம் போடுவான். அப்போது மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இடைவேளைக்கு முன் பெருமாள் மோகினியாக வந்து ஆடினார். கொட்டகையே கைகூப்பியது. "என்னா அழகு, சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அம்மா. இடைவேளைக்குப் பின் அரண்மனைச் சமையல்காரன் ஒருவன் இடுப்பை வளைத்து நடந்துவந்தான். வேறொன்றும் செய்யவில்லை, நடந்தான். அதே கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை படத்தில் இதே ஆளைப் பார்ப்பது! வருவான், நெளிவான், உதை வாங்குவான். அவனுக்கும் ஓர் அம்மா இருப்பதாக எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் மணி! ஒன்னய எப்படா படம் புடிச்சாங்க?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. கத்தியவனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார். "எந்திரிச்சு வெளிய போடா. மானத்த வாங்காத."

வாசல்வரை அண்ணன் பின்னால் ஓடினேன். "போயி உக்காரு பாப்பா, டிக்கெட்டு வீணாப் போவுது" என்றான், சிரிப்பதுபோல. படம் விட்டு வந்தபோது அவன் அங்கே இல்லை.

திரும்பும்போது பஸ் கிடைத்தது. "சாமி பொம்பளையா வந்தப்ப மட்டும் கும்பிட்டீங்களேம்மா?"

"அது சாமி. வாய மூடு, அப்பா காதுல விழப்போவுது."

போகிறவர்கள் பத்துக் காசு கூடக் கொடுத்தாவது கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்காது. யாரோடு போகிறீர்களோ, அவர் எதற்குச் சிரிப்பார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் இன்னும் வரவில்லை. புக்கிட் ரம்பாயில் கூட்டாளி வீட்டுக்குப் போயிருப்பான் என்று முணுமுணுத்துவிட்டு அம்மா படுத்துவிட்டார். "கதவத் தாப்பா போடு. வந்தாலும் தொறக்கக் கூடாது" என்று என்னிடம்தான் சொன்னார் அப்பா. அவர் எழுந்து பார்த்தால் எனக்கு அடி நிச்சயம்.

தாழ்ப்பாளை நான் போடவில்லை.