மலையடிவாரத்தில் சக்கரம் மாற்றிய டீச்சர்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், பஞ்சர் கடை வாசலில்தான் அவரைப் பார்த்தேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். ஐம்பது வயதிருக்கும். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைத் தானே மாற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படித்தானாம். மலையிலிருந்து இரும்புச் சக்கரத்தோடு இறங்குவார். கடையில் போட்டுவைத்திருக்கும் பளபளப்பான அலாய் சக்கரங்களை மாட்டிக்கொண்டு கோயில் பூசைக்குப் போவார். திரும்பும்போது மறுபடி கழற்றிவிடுவார்.

“அலாயிலயே மலைக்கும் போகலாமே டீச்சர்?”

“இது பதினாறு இஞ்சு தம்பி. டயரோட சைடு உசரம் கம்மி. அந்தக் கல்லு ரோட்டுல குழிக்குள்ள விழுந்தா அலாய் வளஞ்சிரும். டயர் கடையில இன்னும் அகலமாப் போடச் சொன்னாக. வண்டியத் திருப்பையில பாடில உரசும்னு நான் விடல. டயரோட சேத்து அளந்தா, பழைய பதினஞ்சு இஞ்சு இரும்புச் சக்கரமும் இதுவும் ஒரே உசரம்.”

சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் அலாயைத் துடைத்தார்.

“ஒரு பூசைக்கா இவ்வளவு பாடு? பழசோடயே போனா என்ன?”

“போலாம். ஆனா இதப் பாத்தாத்தான கோயில் வாசல்ல கேப்பாக, யாரு வாங்கிக் குடுத்ததுன்னு.”

இத்தனை கேட்ட நான் அதை மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன்.

ஸ்பானரைக் கீழே வைத்தார். செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“எம் மக.”