நடுவில் வாசிப்பவள்

என் அக்கா கையில் இருக்கும் வாத்தியத்தைப் பார்த்துவிட்டு "என்னங்க, உங்க வயலின் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு?" என்று கேட்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அது வயலின் இல்லை, வயோலா. வயலினைவிட நாலு விரல் நீளம், குரல் கொஞ்சம் தடிமன். ஆரம்பத்தில் அக்கா எல்லோரையும் உட்கார வைத்து விளக்குவாள். அப்புறம் அலுத்துப்போய், "ஆமாங்க, நல்லா சாப்பிட்டு வளந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடப் பழகிக்கொண்டாள்.

நான் தையல்காரி. எனக்கும் சங்கீதத்துக்கும் இருக்கிற ஒரே உறவு, அக்காவையும் சேர்த்து ஒரே குழுவாக வாசித்த நாலு பெண்களுக்கும் மேடை உடுப்பு தைத்துக் கொடுத்தது நான் என்பதுதான். ஆகவே இதில் இசையைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொன்னால் தையல்காரி சொன்னது என்று விட்டுவிடுங்கள். மற்றபடி எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியங்களைப் பிரித்துக் கொடுத்த அன்று பிள்ளைகள் எல்லோரும் வயலினுக்கு அடித்துக்கொண்டார்கள். அக்கா நெட்டையாகப் பின்வரிசையில் நின்றிருந்தாள். "உனக்குக் கை நீளமா இருக்கு, நீ இத எடுத்துக்கோ" என்று சொல்லி, மற்ற பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய வயோலாவை டீச்சர் அவள் கையில் கொடுத்துவிட்டார். வேறு ஒருத்தியாக இருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் குழந்தையைத் தூக்கி வருவது போல அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா ஆஸ்பத்திரி சலவையறையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, கட்டிலில் சாய்ந்தபடி அவள் வாசிப்பதைக் கேட்பாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டு எப்படி வரும்?" என்றாள்.

"இதுல பாட்டு வராதும்மா. பாட்டு வாசிக்கிறவங்க பக்கத்துல இது வரும்."

"அப்புறம் எதுக்குடி இத எடுத்த?" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இசைக்கல்லூரியில்தான் மற்ற மூன்று பேரும் அக்காவோடு சேர்ந்தார்கள். முதல் வயலின் வாசிப்பவளுக்குத் தலைவி என்று பெயர். அவளே வைத்துக்கொண்டது போலத்தான் நடந்துகொள்வாள். இரண்டாவது வயலின்காரி தலைவி எங்கே போனாலும் பின்னாலேயே போவாள், அதனால் அவள் நிழல். செல்லோ என்கிற பெரிய வாத்தியத்தை வாசிக்கிறவள் அதன் ஆளுயரப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு பேருந்தில் ஏறுகிற அழகைப் பார்த்து கண்டக்டர் ஒருவர் வைத்த பெயர் பீரோ. அது அப்படியே நிலைத்துவிட்டது.

முதலில் சுத்த மேற்கத்திய சாஸ்திரிய இசைதான் வாசித்தார்கள். கேட்க வருவது நாலு பேருடைய சொந்தக்காரர்கள், வாட்ச்மேன், மழைக்கு ஒதுங்கியவர்கள். பிறகு தலைவிக்கு ஒரு யோசனை வந்தது. கீழே சாஸ்திரிய இசை ஓட, மேலே வானொலியில் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருந்த காதல் பாட்டு ஒன்றை ஏற்றினாள். அவ்வளவுதான், ஜனங்கள் முகத்தில் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "அட, இது அந்தப் பாட்டுல்ல!" கல்யாண மண்டபம், ஓட்டல் கூடம், கடைத் திறப்பு விழா என்று கூப்பிடாத இடமில்லை. அக்கா அதுவரை பார்த்துவந்த மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அதிலேயே இறங்கினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

என் தையல்கடையில்தான் ஒத்திகை. கடையைச் சாத்திய பிறகு வெட்டுத் துணிகளுக்கு நடுவில் நாலு நாற்காலி போட்டு உட்காருவார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி தடுக்கிவிட்டால் மற்றவர்கள் நிறுத்தக் கூடாது, ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டவள் எங்கேயாவது வந்து பிடித்துக்கொள்வாள். எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறது. ஒருத்தி திருதிருவென்று விழிப்பாள், மற்ற மூன்று பேரும் சிரித்தபடி ஓட்டுவார்கள், கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து ஏறிக்கொள்வாள்.

ஒருநாள் நான் வாயைச் சும்மா வைத்திருக்காமல், "அக்கா, உன்னோடது மட்டும் காதுலயே விழ மாட்டேங்குதே" என்று சீண்டினேன். அவள் பாட்டு நடுவே கம்பியிலிருந்து வில்லை எடுத்துவிட்டாள். மற்ற மூன்று பேரும் வாசித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் கோட்டிலிருந்து உள்துணியை உருவியது போலப் பாட்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. எனக்கே தெரிந்தது.

"இப்பக் கேட்டுச்சா?" என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் விழா நடத்தும் கம்பெனி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் மேனேஜர் வாயைத் திறந்தால் சர்க்கரை கொட்டும். உட்கார்ந்து வாசித்தால் ஜனங்களுக்குத் தூக்கம் வருகிறதாம். படியில் இறங்கி வர வேண்டும், சுழல வேண்டும், தலைமுடி பறக்க வேண்டும். பீரோ செல்லோவை நெஞ்சில் கட்டிக்கொண்டு நடக்க பெல்ட் தைத்தது நான்தான். ஆடிக்கொண்டே ஒழுங்காக வாசிக்க யாரால் முடியும்? அதனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாவற்றையும் வாசித்துப் பதிந்து, மேடையில் அதை ஒலிபெருக்கியில் ஓட விட்டார்கள். இவர்கள் கையை மட்டும் அசைத்தால் போதும்.

கையை அசைத்தாலும் சத்தம் வருமே, அதற்கும் வழி வைத்திருந்தார் மேனேஜர். வில்லில் கட்டியிருக்கும் முடியில் ஒரு பிசின் கட்டியைத் தேய்ப்பார்கள். அந்தப் பிசின் பிடித்தால்தான் கம்பி பேசும். அதைக் கழுவிவிட்டு சோப்பைத் தேய்க்கச் சொன்னார். வில் வழுக்கிக்கொண்டு ஓடும், மூச்சு கூட வராது. தலைவி தேய்த்தாள். நிழல் தேய்த்தாள். பீரோ ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தேய்த்தாள்.

அக்கா மட்டும் தேய்க்கவில்லை. "அம்மா காலம் பூரா சோப்பு போட்டது போதாதா, நான் வேற போடணுமா?" என்று என்னிடம் சொன்னாள். தினமும் பிசினைத் தேய்த்து, ஒலிபெருக்கி போடுகிற சத்தத்துக்கு அடியில் நிஜமாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காது. மற்ற மூன்று பேருக்கும் தெரியும். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு கட்டட நிறுவனத்தின் ஆண்டு விழா. நிழலின் கவுனில் ஜிப் மக்கர் செய்ததால் நான் ஊசி நூலோடு மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். மண்டபம் நிறையக் கூட்டம். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து, சவுண்டுக்காரருடைய கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. தலைவியின் வில் மேலும் கீழும் போகிறது, சத்தமில்லை. நிழலின் வில் போகிறது, சத்தமில்லை. பீரோவும் அப்படியே. அந்தப் பெரிய மண்டபத்தில் "தக்... தகதக்... தக்... தகதக்..." என்று ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது என் அக்கா.

பாட்டில்லை, ராகமில்லை. நடுவில் முட்டுக்கொடுக்கிற அந்தத் தட்டல் மட்டும். எந்தப் பாட்டின் நடு அது என்று பெற்ற தாய்கூடச் சொல்லியிருக்க முடியாது. கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ், ஏதோ மோட்டார் ஓடுது, அணைங்கப்பா!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. தலைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்துடி!" என்றாள். அக்கா நிறுத்தவில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். சிரிப்பு ஏற ஏற வாசித்தாள். அந்தச் சரணம் முழுக்க வாசித்து முடித்துவிட்டுத்தான் வில்லை இறக்கினாள். எத்தனை பேர் செல்போனில் பிடித்தார்கள் என்று கணக்கே இல்லை.

உடை மாற்றும் அறையில் மேனேஜருக்குச் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. "எல்லாரும் சும்மா நின்னிருந்தா கரண்ட் போச்சுன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். உங்கள யாருங்க வாசிக்கச் சொன்னது?" என்று கேட்டார். வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஊசியால் குத்தியிருப்பேன். அக்கா பெட்டியை மூடினாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், "ஏங்க்கா நிறுத்தல?" என்று கேட்டேன்.

"வந்து சேந்துக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தலைவி கடைக்கு வந்தாள். வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்காரவில்லை. கம்பெனி வேறு ஆளைப் பார்க்கிறது என்றாள், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி ஓடணும்ல, கோவிச்சுக்காதடி" என்றாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நானாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

மருந்துக்கடையில் அவள் இடத்தில் வேறு பெண் நின்றிருந்தாள். வயோலா கட்டிலுக்கு அடியில் போனது. அக்கா பகலில் என் கடையில் வந்து கொக்கியும் பட்டனும் தைத்தாள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி வந்துகொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் அவள் எதிரிலேயே அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அவள்தான் என்று தெரியாமல். அவர்களுடைய ரவிக்கைகளை நான் ஒரு மாதம் இழுத்தடித்தேன்.

ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவங்க சிரிச்சது எனக்கு வலிக்கலடி. அன்னைக்குத்தான் என்னோடத நானே தனியாக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல அதுல. இத்தன வருஷம் அதத்தான் வாசிச்சிருக்கேன்."

"கோட்டோட உள்துணியத் தனியா எடுத்துத் தொங்கவிட்டா அதுவும் பாக்க நல்லாவா இருக்கும்?" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அவள் தலையைத் தூக்கினாள். "ஆமால்ல? அந்தப் பதிவுல நான்தானே இருக்கேன். ஆள மாத்தலாம், அத மாத்த முடியாது. அத உருவினா மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் தொங்குவாங்க" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு ஒரு தட்டு சோறு முழுக்கச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். எங்கேயோ ஒரு மண்டபத்தில் அவள் வாசிப்பு ஓடுகிறது, அது இல்லாமல் பாட்டு நிற்காது.

அக்கா இடத்துக்கு வந்த பெண் கவுனை இடுப்பில் பிடிக்க என் கடைக்கே வந்தாள். கம்பெனிக்கு வேறு தையல்காரி கிடைக்கவில்லை போலிருக்கிறது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் நினைத்தேன், ஆனால் பாவம், சின்னப் பெண். விளம்பரத்தில் கைக்கடிகாரம் காட்டிக்கொண்டிருந்தவளாம். வயோலாவை அதற்கு முன்னால் தொட்டதுகூட இல்லையாம். மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருப்பவள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கையை எப்ப அசைக்கணும்னே புரியலக்கா. பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாக்குறேன், என் பங்கு எதுன்னு தெரியல" என்று என்னிடம் புலம்பினாள்.

அக்கா ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "போடும்மா, கேப்போம். நான் சொல்றேன்" என்றாள். அவள் குரலில் பழைய தெம்பு எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் செல்போனில் பாட்டை ஓடவிட்டாள். தலைவியின் வயலின் கேட்டது. நிழல் கேட்டாள், அடியில் பீரோ கேட்டாள். அக்கா தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். "அடுத்த அடியில வரும்" என்றாள். அடுத்த அடி வந்து போனது. "சரணத்துல வரும் பாரு." சரணமும் போனது. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். பாட்டு முடியும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது பழைய பதிவா?" என்று கேட்டாள்.

"புதுசுக்கா. அந்த வீடியோவுல தக்கு தக்குன்னு வந்து எல்லாரும் சிரிச்சாங்களே, அது வேணாம்னு எடுத்துட்டு டிரம்ஸும் கீபோர்டும் போட்டிருக்காங்க. சூப்பரா இருக்குல்ல?"

நானும் கேட்டேன். எங்கேயாவது தொளதொளவென்று இருக்காதா, எங்கேயாவது ஒரு தையல் விட்டிருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததும் அக்காவைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

"சொல்லுங்கக்கா, எப்ப அசைக்கணும்?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "எப்ப வேணும்னாலும் அசைச்சுக்கோம்மா" என்றாள்.

"அப்பாடா! ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று அந்தப் பெண் கண்ணாடி முன்னால் போய் நின்று, இல்லாத வில்லைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குக் கையை ஆட்டினாள். அக்காவின் கவுன் அவளுக்கு இடுப்பில் மட்டும்தான் கொஞ்சம் தளர்வு, மற்றபடி அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. "சரியா இருக்கா?" என்று திரும்பிக் கேட்டாள்.

நான் குண்டூசி தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அக்காதான் பதில் சொன்னாள்.

"சரியாத்தான் இருக்கு."