ஃபிளாட் என்று சொல்ல முடிந்தவர்கள்

நனைந்த ரெயின்கோட்டும் பெட்ரோலும் சேர்ந்த ஒரு வாடை...

ஜொகூர் மாநிலத்து மாசாய் ஊரில் எங்கள் டெரஸ் வரிசை வீட்டு வாசலில் அது வந்தால், என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரே சொல்தான். "ஃபிளாட் லா."

டயரில் காற்றுப் போனால் சொல்கிற சொல். எங்கள் ஜொகூர் பக்கம் ஆளுக்கும் அதுதான். உடம்பில் துளித் தெம்பு இல்லை, யாரும் எதுவும் கேட்காதீர்கள் என்று பொருள். மகள் கவிதா விளையாட்டை நிறுத்துவாள். நான் சுடுதண்ணீர் வைப்பேன்.

அப்போது நானும் வேலைக்குப் போனேன். பாசிர் கூடாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி. சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை.

ஒரு நாள் ஓவர்டைம். கம்பெனி பஸ்ஸிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன்.

"இன்னிக்கு நான் ஃபிளாட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உக்காந்துதானே வேல?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே சோறு ஆக்கினேன்.

பிறகு அந்தச் சொல்லை நான் எடுக்கவில்லை. தலைவலி என்பேன். அது செல்லுபடியானது. மாத்திரை தேடி எடுத்துத் தருவார், கடையில் ரொட்டி சானாய் வாங்கி வருவார். நல்ல மனுஷன்தான்... வாரத்துக்கு ஒரு தலைவலி இருந்தால் போதும், மற்ற நாட்களைச் சமாளித்துவிடுவேன்.

இப்போது கவிதா ஜேபி டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். வந்ததும் பையைச் சோபாவில் வீசுகிறாள்.

"ஃபிளாட் மா. மண்டையே ஓடல."

சொல்வதற்கு முன் யார் முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. அவள் அப்பா எழுந்துபோய்த் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுக்கிறார்.

போன வாரம் சும்மா கேட்டாள். "நீங்க வேலைக்குப் போனப்ப ஒரு நாள்கூட ஃபிளாட்னு சொன்னதா ஞாபகம் இல்லம்மா. தலைவலிதான் அடிக்கடி வரும். எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோமா?"

அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

"அது தலைவலி இல்ல கவி," என்றேன். "அதுவும் ஃபிளாட்தான்."

அவர் என்னைப் பார்த்தார். 

எனக்கு அவர் மேல் வருத்தம் எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கு அந்தச் சொல் எடுபட்டிருந்தால் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன், அவ்வளவுதான்.