மனதுக்குள் மூன்று வரை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆறு வயது மகளைக் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். வீட்டுக்கு வருபவர்களை அவள் முகம் பார்த்து "வாங்க" என்று கேட்பதில்லை. எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. ஆட்டிசமாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

"இல்லைங்க, அவ என்னையாட்டக் கெட்டிக்காரிங்க," என்று மறுத்தேன். "நானும் அப்படித்தானுங்க இருந்தேன். அப்புறம் கத்துக்கிட்டேன். வாங்கன்னு சொல்லி, அவங்க மூக்கப் பாத்து, மனசுக்குள்ள மூணு எண்ணிப்போட்டுத்தான் கண்ண எடுப்பேன். எல்லாரும் அப்படித்தானுங்களே?"

கணவர் திகைத்துத் திரும்பினார். "நான் ஒருநாளும் எண்ணுனதில்ல அம்மணி."

பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவள் நான். எல்லோரும் எண்ணுகிறார்கள் என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

"அப்ப எனக்கிருக்கறது அறிவில்லைங்களா?"

"தானாவே கத்துக்கிட்டீங்களே, அது அறிவுங்க," என்றார் மருத்துவர் மெதுவாக. "கத்துக்க வேண்டி வந்துச்சே, அது வேறைங்க."

அன்று காலையில்தான், அழுதுகொண்டிருந்த மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, எண்ணச் சொல்லி அதட்டியிருந்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.