அப்பாவுக்குக் கொசுறு இல்லை

கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த ராயபுரம் கடையே மூக்கில் ஏறியது.

தெற்கிலிருந்து வந்து கடை வைத்த எங்களவர்கள் மகனுக்குச் சொந்தக் கடையில் தொழில் பழக்க மாட்டார்கள்; முதலாளி மகனாகவே நின்றுவிடுவான் என்பார்கள். திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, பள்ளி விடுமுறையில் என்னை ராயபுரத்தில் சிநேகிதர் கடையில் விட்டார்.

ஒருநாள் அவரே வந்து, யாரோபோல ஒரு வீசை கருப்பட்டி கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.

“கொசுறு எங்கலே?”

“கொசுறெல்லாம் முதலாளிகிட்ட கேளுங்க, அண்ணாச்சி.”

அவர் என் அப்பா என்று தெரியாமல், பக்கத்தில் சாமான் வாங்க நின்ற மீன்காரம்மா சிரித்தார். “எனுக்கே குடுக்கல, உனுக்கா குடுப்பான் நைனா?”

அப்பா காசை வைத்துவிட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டார். திட்டு நிச்சயம் என்று பயந்தே வீடு திரும்பினேன். உள்ளே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “என்னையே அண்ணாச்சிங்கான்! இனி எங்க விட்டாலும் பொழச்சுக்கிடுவான்.”

என் பேரனும் இப்போது அடுத்தவர் கடையில்தான் நிற்கிறான். நாளை போய்க் கொசுறு கேட்கப்போகிறேன்.