சந்தனம் பூசிய அம்புகள்

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் ஏழெட்டு அம்பு முனைகளைப் பரப்பி வைத்தார். என்னோடு வந்த நண்பன் அவற்றில் கறுப்பாய், ஒடுங்கலாய், பார்க்க ஒரு வடிவும் அழகும் இல்லாத ஒன்றை எடுத்து என் கையில் தந்தான். தான் பாவிப்பது இதைத்தான் என்றான். இரும்பு அவ்வளவு கடினம் இல்லை, அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் கூராகிவிடும் என்றான். நான் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என் கண் பக்கத்தில் கிடந்த வேறொன்றில் விழுந்துவிட்டது. அகலமாய், மினுமினுவென்று, வெற்றிலை வடிவில், நடுவில் ஒரு வரியோடு, அசல் முருகனின் கைவேல்.

“அது வடிவுதான்,” என்றான் அவன். “ஆனால் கடையில் இருந்து வரும்போது மொட்டையாகத்தான் வரும். கெட்டி உருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து தீட்டவேணும். உட்காருவாயா?”

உட்காருவேன் என்றேன். நாலு முனை வாங்கினேன்.

இது எழுபதுகளின் நடுவில், அவுஸ்திரேலியாவில், சிட்னிக்குப் பக்கத்துப் பரமட்டாவில். நானும் அவனும் ஒரே தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர்கள், ஒரே வயது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தேநீர் வேளையில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரு மேசையிலும் நான் தனியே ஒரு மேசையிலும் இருந்தோம். ஒருநாள் அவன்தான் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். அன்று தொடங்கி அவன் என்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. அவன் வில்லோடு வேட்டைக்குப் போகிறவன் என்று அறிந்ததும், நானும் இலங்கையில் வன்னிக் காட்டில் வேட்டைக்குப் போனவன்தான் என்று வாயை விட்டேன். போனது உண்மை. ஜீப்பை விட்டு இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு வளவில் வைக்கோல் கட்டுக்கு எய்து பழகினேன். கை ஓரளவு வந்தது. ஒக்டோபர் நீண்ட விடுமுறையில் மலைக்கு அப்பால் ஒரு செம்மறிப் பண்ணைக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே காட்டாடுகள் பெருகிப் புல்லையெல்லாம் தின்று தீர்க்கின்றன, பண்ணைக்காரர் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்.

நண்பன் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. துவக்குக் குண்டு அடித்து விழுத்தும், அம்பு வெட்டித்தான் கொல்லும் என்பான். முனை சவர அலகு போல இருந்தால் ஆடு தனக்கு என்ன நடந்தது என்று தெரியுமுன் விழுந்துவிடும். மொட்டை என்றால் கிடந்து இழுபடும். அம்பு முனையை முன்கையில் வைத்து வழித்துக் காட்டுவான், மயிர் உதிரும். “இப்படி இல்லாமல் எய்யக்கூடாது. அது வேட்டை இல்லை.”

எனக்கு ஐந்து பின்னேரங்கள் இருந்தன. முதல் நாள் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒன்றைத் தீட்டத் தொடங்கினேன். அரம் வழுக்கியது. கால்மணி நேரத்தில் கை உளைந்தது. மினுங்கின உருக்கில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். இவ்வளவு வடிவான சாமானைக் கெடுக்கிறேனே என்று அரத்தை வைத்தேன். அடுத்த நாள் களைப்பு. அதற்கடுத்த நாள் தொலைக்காட்சி. சோம்பல், எங்கள் ஊர்ப் பேச்சில் பஞ்சி. இதற்கு வேறு சொல் இல்லை.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. மனைவி முன்னறையில் படத்தை வைத்து, புத்தகங்கள், தன் தையல் கத்தரிக்கோல், என் அளவுகோல் எல்லாம் அடுக்கினாள். நான் நாலு அம்புகளையும் கொண்டுவந்து சாத்தினேன்.

“இதென்னத்துக்கு இதுக்குள்ள? உயிரெடுக்கிற சாமான்,” என்றாள்.

“ஆயுதம்தானேயப்பா. பார், வேல் மாதிரி இருக்கு.”

“கூர் வைக்க வேணுமெண்டு சொன்னியள்?”

“இனித் தொடக்கூடாது. பூசையில வைச்சாச்சு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாலு முனைக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். அவை மிகவும் வடிவாக இருந்தன. ஊருக்கு அனுப்பப் படம்கூட எடுத்தேன்.

விஜயதசமி காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு அவன் காரில் ஏறினேன். மலை ஏறும்போது கேட்டான்: “முனையெல்லாம் தீட்டினாயா?”

நான் தலையை ஆட்டினேன். நம் ஆட்கள் ஆட்டுவது போல, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. இந்த ஆட்டத்துக்கு ஓம், ஆமாம் என்றும் பொருள், பார்ப்போம் என்றும் பொருள், சும்மா விடு என்றும் பொருள். முதலில் அவன் இதைப் பார்த்துக் குழம்புவான். பிறகு இது ஓம்தான் என்று தானாகவே படித்துவைத்திருந்தான். எனக்கு அது தெரியும். நான் வாயால் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் எடுபடவில்லை.

ஆடு இருபது அடி தூரத்தில் நின்றது. சிவலைக் கிடாய். பக்கவாட்டில் நின்று எதையோ கடித்துக்கொண்டிருந்தது. அவன் பின்னால் பதுங்கியிருந்து, உன் ஆடு என்று சைகை காட்டினான். நான் எய்தேன். சரியான இடத்தில்தான் பட்டது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். ஆனால் அம்பு உள்ளே போன விதம் எனக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. பாதிகூடப் போகவில்லை. ஆடு கத்தியது. அந்தக் கத்தலோடு அம்பையும் கொண்டு ஓடியது.

மூன்று மணி நேரம் தேடினோம். இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. அவன் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு முன்னே போனான். நான் பின்னால் போனேன். அவன் வாய் திறந்து ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. கடைசியில் ஒரு பாறை இடுக்கில் படுத்திருந்தது. சாகவில்லை. எங்களைப் பார்த்து எழும்பப் பார்த்தது, முடியவில்லை. அவன்தான் கத்தியோடு போய் முடித்தான். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவன் அம்பை இழுத்து எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். முனையைப் பெருவிரல் நகத்தில் வைத்து இழுத்தான். வழுக்கியது. மறு பக்கமும் இழுத்துப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. அப்போது முனையும் தடியும் சேரும் இடத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டான்.

“இது என்ன?”

“சந்தனம்,” என்றேன். “எங்கள் பூசை. நேற்று ஆயுதங்களை எல்லாம் சாமிக்கு முன்னால் வைத்தோம். வைத்தால் தொடக்கூடாது.”

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அவன் அந்த மஞ்சளைத் திரும்பவும் பார்த்தான். முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறு ஒன்று வந்தது.

“மன்னித்துக்கொள்,” என்றான் அவன். “உங்கள் பண்டிகை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவேண்டும். அந்த நாளில் உன்னை இழுத்துக்கொண்டு வந்தது என் பிழை.”

அப்போது சொல்லியிருக்கலாம். பூசை ஒரு நாள்தான், அதற்கு முன்னால் ஐந்து பின்னேரம் இருந்தது, எனக்குப் பஞ்சி என்று சொல்லியிருக்கலாம். பஞ்சிக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாமலா போய்விட்டது? அந்த ஒரு சொல்லை உச்சரிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனபோது, வேட்டை எப்படி என்று ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன், “ஆடு இழுபட்டுத்தான் செத்தது, பிழை என்னுடையது,” என்று சொல்லிவிட்டு வரைபலகைக்குத் திரும்பினான். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் கொதித்தன. சாமியைக் கூட்டிவந்து என் சோம்பலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொண்ட ஆள் நான். அதற்குப் பிறகு நான் வில்லைத் தொடவில்லை. அதையும் அவன் பக்தி என்றுதான் நினைத்திருப்பான்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஒருநாள் தேநீர் வேளையில் அவன் தன் சட்டைப்பையில் இருந்து சின்ன நாட்குறிப்புப் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தான். பேனாவையும் திறந்தான்.

“உங்கள் ஆயுதப் பண்டிகை இந்த வருடம் எந்த நாளில் வருகிறது? சொல், குறித்துக்கொள்கிறேன். அந்தக் கிழமை முழுக்க நானும் வேட்டைக்குப் போகமாட்டேன்.”

நான் திகதியையும் பூசையின் பெயரையும் சொன்னேன். அவன் கவனமாக எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டல் சரியா என்று என்னிடம் காட்டினான்.